நாய்களின் பேரில் வீட்டை எழுதி வைக்க முடியுமா?

ஏற்காட்டிலிருந்து ஒரு வாசகி எட்டுப் பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 71. ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், ஓய்வூதியம் வருகிறது. கிறிஸ்தவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய ஓட்டு வீடும், அதைச் சுற்றி முக்கால் ஏக்கரில் காபியும், சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகும் இருக்கின்றன. பெற்றோரும் உடன்பிறந்த அண்ணனும் காலமாகிவிட்டார்கள். நெருங்கிய உறவு என்று மீதியிருப்பவர் அண்ணன் மகன் ஒருவர்தான். அவர் பெங்களூரில் வேலையில் இருக்கிறார்.

வீட்டில் இரண்டு நாய்கள். கருப்பன், பதினொரு வயது நாட்டு நாய். மழைக்காலத்தில் ஒரு கடையின் படிக்கட்டுக்கு அடியில் குட்டியாகக் கிடைத்தவன், இப்போது பின்னங்கால் மூட்டு வலியோடு நடக்கிறான். ராஜா, மூன்று வயது ராஜபாளையம். பிறவியிலேயே காது கேட்காது. தரையைக் காலால் இரண்டு முறை தட்டினால்தான் திரும்பிப் பார்ப்பானாம். இவர்களைத் தவிரக் கூண்டில் ஒரு பச்சைக்கிளி. தினமும் வந்து வீட்டு வேலையும் தோட்ட வேலையும் செய்து தரும் ஒரு பெண் பதினைந்து ஆண்டுகளாக உடன் இருக்கிறார்.

“எனக்குப் பிறகு இவர்கள் கதி என்ன?” என்பதுதான் கேள்வி. அதற்கு அவரே சில வழிகளை யோசித்து வைத்திருக்கிறார். ஒன்று, ரத்தன் டாடா செய்ததைப் போல வீட்டை நாய்களின் பேரிலேயே உயில் எழுதிவிட்டு, வேலை செய்யும் பெண்ணைக் காப்பாளராகப் போடுவது. இரண்டு, ‘நாய்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும்’ என்ற நிபந்தனையுடன் அந்தப் பெண்ணுக்கு வீட்டை இப்போதே எழுதிக் கொடுத்துவிடுவது. மூன்று, பணத்தை ஒரு விலங்குக் காப்பகத்துக்கு விட்டுச் செல்வது. ஆனால் அண்ணன் மகன் இருக்கும்போது கிறிஸ்தவர்கள் தர்மத்துக்கு உயில் எழுத முடியாது என்று யாரோ சொன்னதால் குழப்பம். நான்காவதைக் கடைசிப் பக்கத்தில், மை மாறிய பேனாவில் எழுதியிருக்கிறார்: எதுவும் சரிவராவிட்டால் கருப்பனை ஊசி போட்டு உறங்கவைத்துத் தன் அருகில் புதைத்துவிடும்படி உயிலில் எழுதலாமா?

அண்ணன் மகனிடம் பேசியபோது, “அத்தை, இதற்கெல்லாம் இப்போதே என்ன கவலை? ஏதாவது காப்பகத்தில் விட்டுவிடலாம்” என்று சிரித்தாராம். இதற்கு நடுவில், நாய்களை விட்டுப் போக முடியாமல் இரண்டு ஆண்டுகளாகத் தன் கண்புரை அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட்டு வருவதையும் போகிற போக்கில் ஒரு வரியில் சொல்லியிருக்கிறார்.

அம்மா, அந்த ஒரு வரிக்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் டாடா விஷயம். அவர் 2024 அக்டோபரில் மறைந்த பிறகு பத்திரிகைகளில் வந்த செய்திகளை நீங்கள் படித்திருப்பீர்கள். தலைப்பு ‘நாய்க்குச் சொத்து’ என்று இருந்திருக்கலாம். உள்ளே இருந்த விஷயம் வேறு. டிட்டோ என்ற அந்த நாயைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு நெடுநாள் சமையல்காரரிடம் விடப்பட்டது, வளர்ப்புப் பிராணிகளின் செலவுக்கென்று ஒரு தொகை ஒதுக்கப்பட்டது. பொறுப்பு ஒரு மனிதரிடம் போனது, பணம் அந்தப் பராமரிப்புக்காக வைக்கப்பட்டது. நாய் எதற்கும் சொந்தக்காரன் ஆகவில்லை. அத்தனை பெரிய வக்கீல்கள் சூழ இருந்தவருக்கே வேறு வழி இல்லை.

காரணம் எளிது. நம் சட்டத்தில் சொத்து வைத்துக்கொள்ள ஒரு ‘நபர்’ வேண்டும். கோயிலில் இருக்கும் தெய்வம் சட்டத்தின் கண்ணில் ஒரு நபர், அதனால்தான் சுவாமி பேரில் நிலம் இருக்கிறது. கம்பெனியும் நபர். நாய் நபர் அல்ல. அது உங்கள் பீரோவையும் சைக்கிளையும் போல ஓர் அசையும் சொத்து. எழுதும்போது எனக்கே கை கூசுகிறது, ஆனால் நிலைமை அதுதான். 2018இல் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் விலங்குகளைச் சட்டப்படியான நபர்களாக அறிவித்தது உண்மை. ஆனால் அதை நம்பிச் சேலத்தில் உயில் எழுத முடியாது. 2023இல் ஜல்லிக்கட்டு வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, விலங்குகளுக்கு அடிப்படை உரிமை உண்டு என்ற வாதத்தை ஏற்கவில்லை. நாயையே பயனாளியாக வைத்து ஒரு தனியார் அறக்கட்டளை அமைப்பதும் இதே இடத்தில் முட்டிக்கொள்கிறது. 1882ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைச் சட்டப்படி, சொத்து வைத்திருக்கத் தகுதியுள்ளவர்தான் பயனாளியாக இருக்க முடியும். பணத்தைப் பொறுப்பில் வைத்திருப்பவர் ஏமாற்றினால், பயனாளி நீதிமன்றத்துக்கு வந்து கேட்க வேண்டும். கருப்பன் வக்காலத்தில் கையெழுத்துப் போட முடியாது.

அமெரிக்காவில் லியோனா ஹெல்ம்ஸ்லி என்ற ஓட்டல் முதலாளி 2007இல் இறந்தபோது தன் நாய்க்கு 12 மில்லியன் டாலர் விட்டுச் சென்றார். அங்கே அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது. இருந்தும் நீதிபதி அதை 2 மில்லியனாகக் குறைத்துவிட்டார். நமக்கு அந்தச் சட்டமும் இல்லை, அந்த டாலரும் இல்லை. நமக்கு வேண்டியது மாதம் ஆறாயிரம் ரூபாய்தான். இரண்டு நாய்களுக்கும் அவ்வளவு ஆவதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

வீட்டை இப்போதே எழுதிக் கொடுக்காதீர்கள்

உங்கள் இரண்டாவது யோசனைதான் என்னை அதிகம் பயமுறுத்துகிறது. தானசெட்டில்மென்ட் பத்திரம் பதிவாகிவிட்டால், மனம் மாறிவிட்டது என்பதற்காக அதை ரத்து செய்ய முடியாது. உயிலை உயிருள்ளவரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். இரண்டுக்கும் உள்ள இந்த வித்தியாசம் தெரியாமல் என் மேசைக்கு முன்னால் அழுத பெரியவர்கள் பலர். ‘மூத்த குடிமக்கள் சட்டம் இருக்கிறதே’ என்று நீங்கள் கேட்கலாம். 2007ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் 23ஆம் பிரிவு, பராமரிப்பதாகச் சொல்லிச் சொத்தை வாங்கிக்கொண்டவர் கைவிட்டால் அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்க வழி செய்கிறது. ஆனால் அது உங்களுக்குச் சோறும் மருந்தும் தராவிட்டால்தான். ராஜாவுக்குத் தராவிட்டால் அல்ல. அதுவும் நீங்கள் உயிரோடு இருந்து மனு கொடுக்க வேண்டும்.

இன்னொன்று. வீட்டையும் நாய்களையும் ஒரே முடிச்சில் போட்டுவிட்டீர்கள். அவிழ்த்துப் பாருங்கள். நாய்கள் இல்லாதிருந்தால் வீட்டை யாருக்குக் கொடுத்திருப்பீர்கள்? அண்ணன் மகனுக்கா, பதினைந்து ஆண்டு உடனிருந்த பெண்ணுக்கா, இருவருக்கும் பிரித்தா? அதை உங்கள் மனம் சொல்கிறபடி எழுதுங்கள். சொந்தச் சம்பாத்தியம் என்பதால் முழு உரிமை உங்களுக்கே. எழுதாமல் போனால் வீடு அண்ணன் மகனுக்குப் போகும், அதோடு சேர்ந்து நாய்களும் போகும். நாய்களுக்கு வேண்டியது பட்டா அல்ல.

பணத்தை எப்படி விடுவது

இங்கேதான் நம்மூர் உயில்களில் பெரும்பாலானவை சறுக்குகின்றன. ‘என் நாய்களைப் பராமரிக்க வேண்டி இவருக்குப் பத்து லட்சம் ரூபாய் கொடுக்கிறேன்’ என்று ஒரு வரி எழுதி, எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறோம். 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 138ஆம் பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? ஒருவருக்கு ஒரு தொகையை முழு உரிமையாகக் கொடுத்துவிட்டு, ‘இப்படித்தான் செலவழிக்க வேண்டும்’ என்று கூடவே எழுதினால், அந்த உத்தரவு இல்லாதது போலவே அவர் பணத்தை எடுத்துக்கொள்ளலாம். நாய்களைத் தெருவில் விட்டுவிட்டுப் பத்து லட்சத்தோடு போனாலும் பணத்தைத் திரும்பக் கேட்பது கடினம்.

விலங்கைக் கைவிட்டதற்குத் தண்டனை இல்லையா என்றால், உண்டு. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி, பட்டினியிலும் தாகத்திலும் தவிக்கும் நிலையில் ஒரு பிராணியைக் கைவிடுவது குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய காசு. ஏற்காடு ஏரிக்கரையில் இன்று அதற்கு இரண்டு காபி கிடைத்தால் அதிர்ஷ்டம்.

ஆகவே பணமும் நாயும் ஒரே கையில் போகக் கூடாது. நான் எழுதித் தருவது இப்படி இருக்கும். முதலில், நாய்களையே உயிலில் பெயர் சொல்லி ஒருவருக்குக் கொடுக்க வேண்டும். அவை அசையும் சொத்து என்றேனே, அந்தக் கசப்பான விதி இங்கே நமக்கு உதவுகிறது. இரண்டாவது, பணத்தை வேறொருவர் பொறுப்பில் விட வேண்டும். எக்ஸிகியூட்டர் என்று நாங்கள் சொல்லும், உயிலை நிறைவேற்றுபவர் அவராகவே இருக்கலாம். உங்களோடு வேலை பார்த்த, உங்களைவிட இருபது வயது இளைய ஆசிரியை யாராவது இருந்தால் நல்லது. அவர் அந்தத் தொகையை வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட்டு, நாய்கள் யாரிடம் நல்லபடி இருக்கின்றனவோ அவருக்கு, இருக்கும்வரை மட்டும், மாதாமாதம் கொடுப்பார். அந்த ஆள் கைவிட்டால் பணம் நிற்கும். உயிலில் சொன்ன இரண்டாவது ஆளுக்கு நாய்களும் போகும், பணமும் போகும். இங்கே பயனாளி ஒரு மனிதர், நிபந்தனையோடு கூடிய பயனாளி. நாய்க்கு எதுவும் எழுதவில்லை என்பதால் சட்டமும் குறுக்கே வராது.

தொகை எவ்வளவு? ஆறாயிரம் என்றால் ஆண்டுக்கு 72,000. பத்து லட்சத்துக்கு ஆறரை சதவீத வட்டி என்று வைத்தால் 65,000 வரும், மீதியை அசலிலிருந்து எடுக்கலாம். ராஜாவுக்கு இன்னும் ஒன்பது பத்து ஆண்டு ஆயுள் என்று வைத்தாலும் மருத்துவச் செலவு உட்படத் தாராளம். அதைவிடத் தேவையில்லை. கருப்பனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். நாட்டு நாய்க்குப் பதினொரு வயது என்பது முதுமை. உங்களுக்கு முன்னால் அவன் போவதற்கே வாய்ப்பு அதிகம். அதனால் உயிலில் இந்த இரண்டு பெயர்களோடு நிறுத்தாமல், ‘என் மரணத்தின்போது என் வளர்ப்பில் இருக்கும் நாய்கள்’ என்றும் சேர்க்கச் சொல்கிறேன். உங்கள் கையெழுத்தைப் பார்த்தால் அடுத்த மழைக்காலத்திலும் ஏதாவது ஒரு படிக்கட்டுக்கு அடியில் நீங்கள் குனிந்து பார்ப்பீர்கள் என்று தோன்றுகிறது.

இரண்டு நாய்களும் போன பிறகு மீதிப் பணம் யாருக்கு என்பதை யோசித்து எழுத வேண்டும். பார்த்துக்கொள்பவருக்கே என்று எழுதினால், நாய் சீக்கிரம் போனால் அவருக்கு லாபம். எவ்வளவு நல்ல மனிதரானாலும் அந்த இக்கட்டில் அவரை நாம் வைக்கக் கூடாது. மாதத் தொகை மட்டும்தான் என்றாலோ, நாய் போகாமல் இருப்பதே லாபம். ராஜபாளையம் நாய்கள் பெரும்பாலும் வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு. ராஜா போனதும் அதே போல இன்னொன்றைக் கொண்டுவந்து நிறுத்தினால், நம் ராஜா காகிதத்தில் இருபத்தைந்து வயதுவரை வாழ்ந்துகொண்டிருப்பான். சிரிக்காதீர்கள், மாட்டுக் காப்பீட்டில் காதுவில்லை எதற்குப் போடுகிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். ராஜாவின் தோலுக்கு அடியில் ஒரு மைக்ரோசிப் வைத்து அந்த எண்ணை உயிலில் குறிப்பிட்டால் போதும். மீதிப் பணத்தை மூன்றாம் தரப்புக்கு, நீங்கள் விரும்பும் காப்பகத்துக்கே விடுங்கள். பார்த்துக்கொள்பவருக்கு நன்றியாக ஏதாவது தர நினைத்தால், அதை நாய்களோடு கட்டாமல் தனியாக, முழுதாகக் கொடுங்கள்.

காப்பகமும் 118ஆம் பிரிவும்

உங்களிடம் யாரோ சொன்னது முழுப் பொய்யல்ல, பழைய உண்மை. அண்ணன் மகனோ அவரைவிட நெருங்கிய உறவோ உள்ள ஒருவர் மதத்துக்கோ தர்மத்துக்கோ உயில் எழுதினால், இறப்பதற்குக் குறைந்தது 12 மாதம் முன்பே எழுதியிருக்க வேண்டும், எழுதிய 6 மாதத்துக்குள் சட்டப்படியான பாதுகாப்பில் ஒப்படைத்திருக்க வேண்டும் என்று வாரிசுரிமைச் சட்டத்தின் 118ஆம் பிரிவு சொன்னது. இந்தக் கட்டுப்பாடு இந்துக்களுக்கு இல்லை, கிறிஸ்தவர்களுக்கு இருந்தது. கேரளத்தைச் சேர்ந்த ஒரு பாதிரியார் தொடுத்த ஜான் வல்லமட்டம் வழக்கில் 2003இல் உச்ச நீதிமன்றம் அதைச் சமத்துவத்துக்கு எதிரானது என்று சொல்லி ரத்து செய்துவிட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் ஊரில் அந்தப் பேச்சு மட்டும் உயிரோடு இருக்கிறது.

தாராளமாகக் காப்பகத்துக்குப் பணம் விடலாம். ஆனால் நாய்களையே காப்பகத்துக்கு விடுவது வேறு விஷயம். அதற்கு முன் நேரில் போய்ப் பாருங்கள், காலை உணவு நேரத்தில் போங்கள். காது கேட்காத நாயையும் மூட்டு வலிக்காரக் கிழவனையும் தத்தெடுக்க ஆள் வருவது அரிது. இருநூறு நாய்களுக்கு நடுவில் ராஜாவுக்காகத் தரையைத் தட்ட யாருக்கு நேரம் இருக்கும்?

உயிலை எழுதும் முறை பற்றிச் சுருக்கமாக. முத்திரைத் தாள் தேவையில்லை, வெள்ளைத் தாள் போதும். நீங்கள் கையெழுத்திட வேண்டும், இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். பதிவு கட்டாயமில்லை, ஆனால் அண்ணன் மகன் பிற்பாடு கேள்வி கேட்கலாம் என்பதால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிடுங்கள். உங்களுக்கு மிக முக்கியமான ஒன்று: உங்கள் உயிலுக்கு வாரிசுரிமைச் சட்டத்தின் 67ஆம் பிரிவு பொருந்தும். சாட்சிக் கையெழுத்துப் போட்டவருக்கோ அவருடைய கணவன் அல்லது மனைவிக்கோ உயிலில் ஏதாவது கொடுத்திருந்தால், அந்தக் கொடை மட்டும் செல்லாது. கையெழுத்துப் போட ஆள் இல்லையே என்று, தோட்டத்தில் நிற்கும் அந்தப் பெண்ணின் கணவரைக் கூப்பிட்டுவிடாதீர்கள். வங்கிக் கணக்கில் நாமினியாகப் போட்டால் போதுமே என்றும் நினைக்காதீர்கள். நாமினி பணத்தை வாங்கி வாரிசுகளிடம் சேர்ப்பவர்தான், சொந்தக்காரர் அல்ல. ப்ரொபேட், அதாவது உயில் உண்மையானதுதான் என்று நீதிமன்றம் தரும் சான்று பற்றிக் கவலை வேண்டாம், இந்தியக் கிறிஸ்தவர்களின் உயிலுக்கு அது கட்டாயமில்லை என்று 2002இலேயே சட்டம் திருத்தப்பட்டுவிட்டது.

கிளியைப் பற்றி ஒரு வார்த்தை, மெதுவாகச் சொல்கிறேன். நம்மூர்ப் பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பாசத்தோடு வளர்த்தாலும் அப்படித்தான். அதைப் பதிவு செய்த உயிலில் எழுதுவது, நீங்களே அரசாங்க அலுவலகத்தில் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம். கூண்டைத் திறந்து விட்டுவிடவும் வேண்டாம். வருடக்கணக்கில் கூண்டில் இருந்த பறவை வெளியில் பிழைக்காது. வனத்துறையிடம் நீங்களாகவே ஒப்படைத்துவிடுங்கள்.

முதல் மூன்று நாள்

சேலத்தில் ஒரு பெரியவருக்கு நான் உயில் எழுதிக் கொடுத்தேன். நாய்க்கான பத்தி அழகாக வந்திருந்தது, எனக்கே பெருமை. அவர் ஒரு வெள்ளிக்கிழமை இரவு இறந்தார். உறவினர்கள் வந்து, உடலை எடுத்து, வீட்டைப் பூட்டிக்கொண்டு சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள். பொமரேனியன் கொல்லைப்புறத்தில் இருந்தது யாருக்கும் நினைவில்லை. இரண்டு நாள் அக்கம்பக்கத்தார் மதில்மேல் ஏறிப் பன் வீசியிருக்கிறார்கள். உயில் எங்கே இருந்தது தெரியுமா? வங்கி லாக்கரில். அதைத் திறக்க ஐந்து வாரம் ஆனது. அந்த நாய் பிழைத்தது பக்கத்து வீட்டுப் பையனால், என் பத்தியால் அல்ல.

அதிலிருந்து இந்தக் காரியத்துக்கு வருபவர்களிடம் உயிலைவிட ஒரு தாளைப் பற்றித்தான் முதலில் பேசுகிறேன். ‘என் வீட்டில் இரண்டு நாய்கள் இருக்கின்றன, எனக்கு ஏதாவது ஆனால் இவரைக் கூப்பிடுங்கள்’ என்று எழுதி உங்கள் கைப்பையில் ஒன்று, வீட்டுக் கதவின் உட்புறம் ஒன்று. மலையிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறக்கி உங்களைச் சேலத்து மருத்துவமனையில் சேர்க்கும்போது, ஆம்புலன்சில் இருப்பவருக்கு அது கண்ணில் பட வேண்டும். ஒரு சாவி அந்தப் பெண்ணிடம். ஓர் உறையில் பத்தாயிரம் ரூபாய் ரொக்கம், ஏனென்றால் நீங்கள் இல்லாதபோது உங்கள் கணக்கிலிருந்து யாரும் எடுக்கக் கூடாது. பவர் பத்திரம் எழுதி வைத்தாலும் நீங்கள் இறந்த நொடியில் அது செத்த காகிதம், சுயநினைவு தவறினாலும் அதே கதைதான்.

அதோடு பழக்கவழக்கக் குறிப்பு. தடுப்பூசி அட்டை, கருப்பனின் மூட்டு வலி மாத்திரை, எந்த மருத்துவர். ராஜாவுக்குக் காது கேட்காது என்பதைப் பெரிய எழுத்தில். தூங்கும்போது பின்னாலிருந்து தொட்டால் திடுக்கிட்டுக் கடித்துவிடுவான், ஒரு கடி விழுந்தால் அதன்பின் அவனை யாரும் வைத்துக்கொள்ளமாட்டார்கள். காட்டெருமை வேலிக்குள் வந்தால் கருப்பன் குரைப்பதைக் கேட்டு நீங்கள் விளக்கைப் போடுவதாகவும், காது கேட்காத ராஜா அந்த விளக்கைப் பார்த்துத்தான் உள்ளே ஓடி வருவதாகவும் எழுதியிருக்கிறீர்களே, அது வேறு யாருக்குத் தெரியும்?

இனி அந்தக் கடைசிப் பக்கம். உயிலில் அப்படி எழுதாதீர்கள் அம்மா. தீராத வேதனையில் இருக்கும் நாயைக் கால்நடை மருத்துவர் உறங்கவைப்பது கருணை. நடக்கிற, சாப்பிடுகிற, வாலாட்டுகிற நாயை, எசமானி போய்விட்டார் என்பதற்காக உறங்கவைக்க நல்ல மருத்துவர் எவரும் ஊசியைக் கையில் எடுக்கமாட்டார். நிறைவேற்றுபவரையும் அதற்குக் கட்டாயப்படுத்த முடியாது. அருகில் புதைக்கும் ஆசை புரிகிறது. கல்லறைத் தோட்டத்தின் விதி பங்குத் தந்தை கையில் இருக்கிறது. அவன் முன்னால் போனால் உங்கள் காபித் தோட்டத்திலேயே ஓர் இடம் கொடுங்கள். நீங்கள் முன்னால் போனால் சில நாள் வாசலில் படுத்திருப்பான், சாப்பிடமாட்டான். பிறகு பெரும்பாலான நாய்கள், தட்டை வைப்பவர் பழக்கப்பட்டவராக இருந்தால், எழுந்து வந்து சாப்பிடுகின்றன.

தட்டை வைப்பவர். எட்டுப் பக்கத்தில் அந்தப் பெண்ணின் உழைப்பைப் பற்றி, நேர்மையைப் பற்றி, அவர் ஒற்றை அறை வீட்டைப் பற்றி, உடனிருக்கும் மாமியாரைப் பற்றி எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். அவரைக் கேட்டதாக ஒரு வரிகூட இல்லை. காப்பாளர், வீட்டுக்குச் சொந்தக்காரர், எல்லாப் பதவியும் கொடுத்துவிட்டீர்கள், அவருக்குத் தெரியாமலே. உங்களிடம் சம்பளம் வாங்குபவர் உங்கள் முகத்துக்கு நேராக ‘முடியாது’ என்று சொல்வது கஷ்டம். அதனால் கேட்கும்போதே, முடியாது என்றால் ஒன்றும் குறையாது, உங்களுக்கு என்று எழுதுவது எப்படியும் எழுதுவேன் என்று முதலில் சொல்லிவிட்டுக் கேளுங்கள். கணவரிடமும் பேசிவிட்டு ஒரு வாரம் கழித்துச் சொல்லட்டும். அந்த ஒற்றை அறையில் ராஜபாளையம் நாயை எங்கே கட்டுவது? அவர் சம்மதித்தால், நாய்கள் உள்ளவரை உங்கள் வீட்டிலேயே குடியிருந்து பார்த்துக்கொள்ளும் உரிமையை மட்டும் அவருக்கு உயிலில் தரலாம், வீட்டின் சொந்தம் யாருக்குப் போனாலும். இரண்டு நாய்களும் போகும்வரை, அல்லது 12 ஆண்டு, எது முன்னதோ அதுவரை என்று வரம்பு போட்டு எழுதுவேன். அண்ணன் மகனுக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். அதனால் அதையும் இப்போதே அவரிடம் சொல்லிவிடுங்கள். உயிலைப் படித்துத் தெரிந்துகொள்ளும் வாரிசுகள்தான் வழக்குப் போடுகிறார்கள். அவருக்கு நாய்மேல் அக்கறை இல்லை என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். பெங்களூர் அடுக்குமாடியில் இருப்பவரால் நாயை வைத்துக்கொள்ள முடியாமல் இருக்கலாம், மாதாமாதம் பணம் அனுப்பச் சம்மதிக்கலாம்.

அவருக்கும் அந்தப் பெண்ணுக்கும் இது முடியுமா என்பதைத் தெரிந்துகொள்ள உங்கள் மரணம்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கண்புரைக்கு நாள் வாங்குங்கள். அறுவை முடிந்து பெரும்பாலும் அன்றே அனுப்பிவிடுவார்கள். ஆனால் கண்ணில் மருந்து விடும் நாட்களில் குனியாமல், தூசு படாமல் இருக்கச் சொல்வார்கள். முப்பது கிலோ நாய் நெஞ்சில் தாவுவதற்கு நிச்சயமாக அனுமதி இல்லை. இரண்டு வாரம் சேலத்தில் தெரிந்தவர் வீட்டில் தங்குங்கள். அதற்கு முந்தைய ஒரு வாரம், நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, அந்தப் பெண்ணே தட்டை வைக்கட்டும், அந்தப் பெண்ணே தரையைத் தட்டட்டும். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ ராஜா யார் பக்கம் திரும்புகிறான் என்று பாருங்கள். திரும்பி வந்த பிறகு பட்டா நகல், வங்கிப் புத்தகம், ஆதார், இரண்டு நாய்களின் தடுப்பூசி அட்டை ஆகியவற்றை எடுத்துக்கொண்டு உங்களுக்கு அருகில் உள்ள வக்கீலைப் பாருங்கள். எழுத்துகள் அப்போது தெளிவாகத் தெரியும், உயிலை நீங்களே படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடலாம்.